விற்கும் முன் மாடியில் ஒரு பாத்ரூம்: கட்டலாமா, விடலாமா?

வீடு: வாசகர் கேள்வி-பதில்

மாடியில் குளியலறை இல்லாத வீட்டை விற்பதற்கு முன் ஒன்று கட்டிவிடலாமா என்பதைச் சுற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில் எழுதுபவர்கள் எங்கள் கட்டுமான, பிளம்பிங் குழுவினர்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் மூன்று படுக்கையறைகள். குளியலறை, கழிப்பறை எல்லாம் கீழே ஒன்றே ஒன்றுதான். ஆறேழு மாதத்தில் வீட்டை விற்க இருக்கிறோம். மாடியில் ஒரு பாத்ரூம் போட்டால் விலை ஏறும் என்கிறார் தரகர். விற்கிற வீட்டில் எதற்குச் செலவு என்கிறார் என் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை தரகர் பக்கம் நியாயம் கொஞ்சம் கூடுதல். மூன்று படுக்கையறைக்கு ஒரே கழிப்பறை, அதற்கும் ராத்திரியில் படியிறங்கிப் போக வேண்டும் என்றால், வயதானவர்களோ கைக்குழந்தையோ உள்ள குடும்பம் மாடியைப் பார்த்த உடனே பின்வாங்கிவிடும். இரண்டாவது குளியலறைக்கு இருக்கும் மதிப்பு மூன்றாவதற்கு இருப்பதில்லை. ஏற்கெனவே மாடியில் ஒன்று இருந்து இன்னொன்று சேர்க்கலாமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்போம்.

ஆனால் விலை ஏறுவது வேறு, போட்ட பணம் திரும்புவது வேறு. முதலில் அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற, உங்கள் வீட்டைப் போலவே மூன்று படுக்கையறை உள்ள வீடுகளில் எத்தனை குளியலறை இருந்தது என்று விசாரியுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு என்றால் உங்கள் வீடு பட்டியலில் கடைசியில் நிற்கிறது என்று பொருள். அப்போது கட்டுவதில் அர்த்தம் உண்டு. பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான் என்றால், நீங்கள் கட்டும் இரண்டாவதற்கு அந்தத் தெரு முழு விலை கொடுக்காது.

அடுத்து, ஒருவரையொருவர் அறியாத மூன்று தரகர்களிடம் தனித்தனியாக இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேளுங்கள்: இப்படியே விற்றால் என்ன விலை, மாடியில் நல்ல பாத்ரூம் இருந்தால் என்ன விலை? "விலை ஏறுமா" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஏறும் என்றுதான் சொல்வார்கள். மூன்று பேரும் சொன்ன வித்தியாசங்களில் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசம் கட்டுமான மதிப்பீட்டைப் போல ஒன்றரை மடங்காவது இருந்தால் இறங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒன்றரை மடங்கு என்பது பேராசைக் கணக்கு இல்லை. பழைய தளத்தை உடைத்துச் செய்யும் வேலையில் மதிப்பீடு அப்படியே நிற்பது அபூர்வம். உடைத்த பிறகுதான் உள்ளே போகும் கம்பியும் மின்குழாயும் கண்ணில் படும். அதற்கு மேல், வேலை நடக்கும் மாதங்களில் வீட்டுக் கடன் வட்டி ஓடும், தூசு படிந்த வீட்டை யாருக்கும் காட்டவும் முடியாது. இந்த மூன்றும் தரகரின் கணக்கில் வராது.

இதற்கெல்லாம் முன்னால் முடிவாக வேண்டியது கழிவுக்குழாய் எந்த வழியாக இறங்கும் என்பது. கீழ்த்தளக் குளியலறைக்கு நேர் மேலேயோ, அதன் வெளிச்சுவரை ஒட்டியோ இடம் கிடைத்தால் வேலை எளிது. வீட்டின் மறுகோடியில்தான் இடம் இருக்கிறது, குழாய் ஹாலின் கூரைக்கடியில் ஐந்தாறு மீட்டர் ஓட வேண்டும் என்றால், அந்த இடத்திலேயே திட்டத்தைக் கைவிடுங்கள். ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது தலைக்கு மேல் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிற வீட்டை வாங்குபவர் இரண்டாம் முறை பார்க்க வரமாட்டார். சமையலறைக்கும் மெயின் ஸ்விட்ச் போர்டுக்கும் நேர் மேலேயும் வேண்டாம். ஒரு சொட்டு கசிந்தாலும் அங்கே சேதம் பெரிது.

கேள்வி: மாடியில் தனி இடம் இல்லை. சின்ன படுக்கையறையை அப்படியே குளியலறையாக மாற்றலாமா? இல்லையென்றால் குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும்?

படுக்கையறையைப் பலி கொடுக்காதீர்கள். விளம்பரத்தில் "மூன்று படுக்கையறை" என்பது "இரண்டு" ஆனால், வாங்குபவர்களின் கூட்டமே மாறிவிடும். கட்டில் போட்டால் கதவு திறக்காத அளவுக்குச் சின்ன அறையாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இடம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே தேவைப்படும். 1.5 மீட்டருக்கு 2.4 மீட்டர், அதாவது ஐந்தடிக்கு எட்டடி இருந்தால் ஷவர், க்ளோசெட், வாஷ்பேசின் மூன்றும் நெருக்கடி இல்லாமல் அமையும். 1.2 மீட்டருக்கு 2.1 மீட்டரிலும் முடியும், ஆனால் வாஷ்பேசின் சிறியதாக, மூலையில் போக வேண்டும். பார்க்க வேண்டிய அளவுகள் இவைதான்: க்ளோசெட்டின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவர் 40 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், அதன் முன்னால் 60 செ.மீ. காலி இடம் வேண்டும், ஷவருக்கு 90-க்கு 90 செ.மீ. கதவு 75 செ.மீ. இருந்தால் போதும். அதை வெளிப்பக்கம் திறக்க வையுங்கள் அல்லது நகரும் கதவாகப் போடுங்கள். உள்ளே திறந்தால் அந்த அறுபது செ.மீ. காணாமல் போகும்.

வரைபடத்தை நம்பி முடிவு செய்யாமல், அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் முழு அளவில் கோடு போட்டு, க்ளோசெட் வரும் இடத்தில் ஒரு நாற்காலியை வைத்து உட்கார்ந்து எழுந்து பாருங்கள். முழங்கை சுவரில் இடித்தால் அப்போதே தெரிந்துவிடும்.

பால்கனியை அடைத்து பாத்ரூம் ஆக்கும் யோசனை பலருக்கு வருகிறது. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதைத் தாங்குகிற முக்கியக் கம்பிகள் தளத்தின் மேற்பகுதியில், சுவரை ஒட்டி இருக்கின்றன. கழிவுக்குழாய்க்குத் துளை போடப்போவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். கம்பியை அறுத்துவிட்டு, அதன்மேல் சுவரையும் டைல்ஸையும் ஏற்றுவதைப் போல ஆபத்து வேறில்லை.

கேள்வி: மாடித்தளம் போடும்போது பாத்ரூமுக்குப் பள்ளம் விடவில்லை. தளத்தைக் கொத்திக் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கிறேன் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

கூடாது. வீட்டுத் தளங்கள் பெரும்பாலும் 125 முதல் 150 மி.மீ. கனம்தான். அதில் கீழேயும் மேலேயும் கம்பி போக, கொத்தி எடுக்க மிச்சம் எதுவும் கிடையாது. குழாய் இறங்கும் இடத்தில் ஒரு துளை போடலாம், அவ்வளவுதான். அதையும் சுத்தியல் டிரில்லால் உடைக்காமல் கோர் கட்டிங் இயந்திரத்தால் போட வேண்டும். 110 மி.மீ. குழாய்க்கு 125 முதல் 150 மி.மீ. துளை போதும். உடைத்துப் போட்ட துளையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஓடும். பின்னாளில் ஒழுகுவது அந்த விரிசல் வழியாகத்தான். பீமில் துளை என்ற பேச்சே வேண்டாம். மரத்தளமாக இருந்தால், 110 மி.மீ. குழாய் உத்தரத்தைக் குறுக்கே துளைத்துக்கொண்டு போகக் கூடாது. உத்தரங்களுக்கு இடையில் அவற்றுக்கு இணையாக மட்டுமே ஓட வேண்டும்.

பள்ளம் இல்லாத தளத்துக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. கீழே நேராகக் குளியலறை இருந்தால், குழாய்களைத் தளத்துக்கு அடியில் தொங்கவிட்டு, கீழ்க் குளியலறைக்குப் பொய்க்கூரை போடுவது முதல் வழி. மேல்தளம் ஒரே மட்டமாக இருக்கும், எந்த இணைப்பு கசிந்தாலும் கீழிருந்தே சரிசெய்யலாம். பொய்க்கூரையில் 45 செ.மீ. சதுரத்துக்குத் திறக்கும் பலகை ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் மூடினால் இந்த வழியின் பலனே போய்விடும்.

கீழே வேறு அறை இருந்தால் இரண்டாவது வழி: தரையை ஒரு படி உயர்த்துவது. உயரத்தைக் குறைப்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. க்ளோசெட்டை வெளிச்சுவரில் வைத்து, பின்பக்கமாக வெளியேறும் பி-டிராப் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதன் வாய் தரைமட்டத்துக்கு மேல் சுமார் 18 செ.மீ. உயரத்தில் நேராகச் சுவர் வழியே போய்விடும். வாஷ்பேசின் குழாயும் அப்படியே சுவரில் வெளியேறும். மிச்சம் இருப்பது ஷவர் தண்ணீர் மட்டும். அதற்குத் தரைத் தண்ணீரை வடிக்கும் நானி டிராப் வேண்டும்: உள்ளே 50 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும், உயரம் குறைந்த வகை. அதிலிருந்து 75 மி.மீ. குழாய். மீட்டருக்கு 25 மி.மீ. வாட்டம் கொடுத்தாலும், டைல்ஸோடு சேர்த்து 150 முதல் 175 மி.மீ. உயரத்துக்குள் முடிந்துவிடும். தரை வழியாக இறங்கும் எஸ்-டிராப் க்ளோசெட்டை வாங்கிவிட்டு வந்தால் இந்தக் கணக்கு நடக்காது. 30 செ.மீ. உயர்த்தச் சொல்வார்கள்.

அந்த உயரத்தை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதைக் கூடவே நின்று பாருங்கள். நான்கு சதுர மீட்டர் குளியலறையில் 30 செ.மீ. உயரத்துக்கு மணலும் செங்கல் துண்டும் நிரப்பினால் ஏறக்குறைய 1.9 டன். வீட்டு அறைகளுக்குப் பொதுவாக வடிவமைப்பில் எடுக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது அந்த இடத்துக்கு மொத்தமே 800 கிலோ. நிரப்பு மட்டுமே அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. அதே இடத்தில் 15 செ.மீ. உயரத்துக்கு எடை குறைந்த ஏஏசி கல் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த கான்கிரீட் கல்) துண்டுகளைப் பரப்பினால் அரை டன்னுக்குள் அடங்கும்.

சுவருக்கும் இதே கணக்குதான். 3 மீட்டர் உயரத்தில், இருபக்கமும் பூசிய அரைச் செங்கல் சுவர் ஓடும் மீட்டருக்கு ஏறக்குறைய 800 கிலோ. 100 மி.மீ. ஏஏசி கல்லில் அது 350 கிலோ. புதிதாக நான்கு மீட்டர் சுவர் எழுப்பினால் 3 டன்னுக்கும் ஒன்றரை டன்னுக்கும் உள்ள வித்தியாசம் இது. அடியில் பீம் இருக்கிறதா, சுவர் தளத்தின் நடுவில் நிற்கிறதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் மொத்தச் செலவில் சிறு துளி. வீட்டை விற்கும்போது அந்தக் காகிதம் உங்கள் கையில் இருப்பது பெரிய பலம்.

கேள்வி: கீழ்த்தளக் கழிப்பறையிலிருந்து ஒரு குழாய் மொட்டைமாடி வரை போகிறது. மாடிக் குளியலறையை அதிலேயே இணைத்துவிடலாமா? செப்டிக் டேங்க்கையும் பெரிதாக்க வேண்டுமா?

முதலில் அந்தக் குழாயின் சுற்றளவை ஒரு நூலால் அளந்து 3.14-ஆல் வகுத்துப் பாருங்கள். 110 மி.மீ. வந்தால் நம்பிக்கை உண்டு. 50 அல்லது 75 மி.மீ. என்றால் அது காற்றுப்போக்கிக் குழாய் மட்டுமே, கழிவை அதில் விடவே கூடாது. மொட்டைமாடி வரை போகிறது என்பதற்காக எல்லாம் ஒன்றாகிவிடாது.

110 மி.மீ. குழாயாக இருந்தால், மாடியில் 45 பாகையில் சாய்ந்த ஒய் இணைப்பைப் போட்டு, பக்கத்தில் திறந்து சுத்தம் செய்யும் மூடி வைத்து இணைக்கலாம். இணைப்புக்கு மேல் குழாய் பழையபடி மொட்டைமாடிக்கு மேல் திறந்த வாயோடு தொடர வேண்டும். அதை வெட்டி மூடிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கனமாக இறங்கும் தண்ணீர் பின்னால் காற்றை இழுக்கும். மேலே வாய் மூடியிருந்தால் கீழ்க் குளியலறை டிராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும். கீழே களக் களக் என்று சத்தம், அரை மணி நேரத்தில் நாற்றம். வீடு பார்க்க வந்தவர் முகம் சுளிக்க அது போதும்.

குழாயின் அடிப்பாகத்தையும் கவனியுங்கள். செங்குத்தாக வரும் குழாய் தரையில் திரும்பும் இடத்தில் ஒரே 90 பாகை வளைவு இருந்தால், வேகமாக விழும் தண்ணீர் அங்கே தடைபட்டு மேல்நோக்கி அழுத்தம் கொடுக்கும். இரண்டு 45 பாகை வளைவுகளாக மாற்றுங்கள். கீழ்த்தள இணைப்பு அந்த வளைவின் அடிமட்டத்திலிருந்து 45 செ.மீ.யாவது உயரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு உயரம் கிடைக்காவிட்டால் கீழ்த்தளக் கழிப்பறையைத் தனியாகவே சேம்பரில் (கழிவுக்குழாய்கள் வந்து சேரும் வெளித்தொட்டியில்) விட்டுவிடுவதுதான் நிம்மதி.

செப்டிக் டேங்க் அளவு கழிப்பறையின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவாவதில்லை, வீட்டில் உள்ள ஆட்களைப் பார்த்து முடிவாவது. ஐந்து பேர் ஒரு கழிப்பறையைப் பயன்படுத்தினாலும் இரண்டைப் பயன்படுத்தினாலும் கழிவு ஏறக்குறைய அதேதான். ஆகவே அதைத் தொட வேண்டாம். வீடு கைமாறும் முன் ஒருமுறை சுத்தம் செய்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவை அரைத்துப் பம்ப் மூலம் சிறிய குழாயில் தள்ளும் கருவியை வைத்தால் எங்கு வேண்டுமானாலும் கட்டலாம் என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டில், வேறு வழியே இல்லாதபோது அது பயன்படும். விற்கும் வீட்டுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மின்சாரம் போனால் கழிப்பறை நின்றுவிடும் என்று கேட்டதுமே வாங்குபவர் அதை ஒரு குறையாகத்தான் எழுதிக்கொள்வார்.

கேள்வி: தண்ணீர்த் தொட்டி மாடி அறைக்கு நேர் மேலேயே இருக்கிறது. ஷவரில் தண்ணீர் வருமா?

வரும், ஆனால் மெதுவாக. ஒரு மீட்டர் உயர வித்தியாசத்துக்குக் கிடைப்பது 0.1 பார் அழுத்தம்தான். தொட்டியின் அடிமட்டத்துக்கும் ஷவர் தலைக்கும் இடையில் உங்களுக்கு ஒரு மீட்டர்தான் இருக்கும். சாதாரண ஷவருக்கே இரண்டு மீட்டர் இருந்தால் நல்லது. தொட்டியை ஒரு மீட்டர் உயரமான மேடையில் ஏற்றலாம், அல்லது மாடிக் குளியலறைக்கு மட்டும் சிறிய பிரஷர் பம்ப் வைக்கலாம். தொட்டியிலிருந்து 25 மி.மீ. குழாயைத் தனியாகக் கொண்டுவந்து, குளியலறை வாசலில் 20 மி.மீ. ஆக்குங்கள். அகலமான மழை ஷவரை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

வெந்நீர்க் குழாய்க்கு சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக். கீசருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், 230 வோல்ட்டில் 2 முதல் 3 கிலோவாட் கீசர் என்றால் 4 சதுர மி.மீ. தாமிர வயர், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்சிசிபி. ஷவரிலிருந்து 60 செ.மீ.க்குள் ஸ்விட்சோ பிளக்கோ வரக் கூடாது. ஜன்னல் சின்னதாக இருந்தால் 150 மி.மீ. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போதுமானது.

கேள்வி: இருபது நாளில் முடித்துத் தருவதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார். முடியுமா? நீர்க்கசிவு வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

இருபது நாளில் டைல்ஸ் ஒட்டிவிடலாம். ஆனால் கசியாத குளியலறை வேண்டுமென்றால் ஐந்து முதல் ஆறு வாரம் ஒதுக்குங்கள். அவசரப்படுத்தும்போது வெட்டப்படுவது எப்போதும் காயவைக்கும் நாட்களும் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் நாட்களும்தான். அவை வெட்டப்பட்டதன் விளைவு மூன்று மாதம் கழித்து, சரியாக நீங்கள் வீட்டைக் காட்டும் நேரத்தில், கீழறைக் கூரையில் தெரியும்.

முதல் கட்டம் சுவர், பூச்சு, ஒரு வாரம் நீராற்றுதல். பிறகு குழாய்கள். சிபிவிசி இணைப்புப் பசை இறுக 24 மணி நேரம் கொடுத்துவிட்டு, கைப்பம்பால் வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிச் சில மணி நேரம் நிறுத்திவையுங்கள். அழுத்தமானியின் முள் இறங்காவிட்டால்தான் சுவர்க் காடியை மூட வேண்டும். கழிவுக்குழாய்க்கும் அடியில் அடைத்து, தண்ணீர் நிரப்பிப் பாருங்கள்.

அடுத்ததுதான் முழு வேலையின் உயிர்நாடி. தளத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தூசு இல்லாமல் கழுவுங்கள். குழாய் தளத்தைத் துளைக்கும் இடத்தைச் சுற்றிச் சுருங்காத கிரவுட்டால் இறுக்கமாக அடைக்க வேண்டும். சாதாரணச் சிமெண்ட் கலவை காயும்போது சுருங்கிக் குழாயை விட்டு மயிரிழை விலகும், அந்த இடைவெளி தண்ணீருக்குத் தாராளம். தரையும் சுவரும் சேரும் மூலையில் பாலிமர் கலவையை விரலால் இழைத்தது போல வளைவாக்குங்கள். கோவிங் என்பார்கள். செங்குத்து மூலையில் பூச்சு மெலிதாக நின்று, கட்டடம் சற்று அசைந்தாலும் கிழிந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் இந்த வளைவு.

பிறகு இரண்டு பொருள் கலக்கும் பாலிமர் சிமெண்ட் பூச்சு. முதல் கோட் ஒரு திசையில், மூலைகளிலும் டிராப் வாயைச் சுற்றியும் நாரிழை வலையைப் பதித்து, காய்ந்தபின் இரண்டாவது கோட் குறுக்குத் திசையில். சுவரில் எல்லாப் பக்கமும் 30 செ.மீ., ஷவர் பகுதியில் 1.8 மீட்டர் உயரம் வரை ஏற்றுங்கள். பூச்சு டிராப் குழாயின் விளிம்புக்குள் மடங்கி இறங்க வேண்டும். வெளியே வட்டமாக நிறுத்திவிட்டால் டைல்ஸுக்கு அடியில் ஊறும் தண்ணீர் குழாயைச் சுற்றி இறங்கும். நாங்கள் பார்க்கும் கசிவுகளில் பெரும்பகுதி இந்த ஒரே இடத்தில்தான்.

காய்ந்ததும் டிராப்பை அடைத்து, 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்திலேயே வாய் அகன்ற ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதிலும் கோடு போட்டு வையுங்கள். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பாத்திரத்தில் 3 மி.மீ. இறங்கித் தரையிலும் அதேதான் என்றால் அது ஆவியானது. தரையில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிகிறது. கீழே போய்த் தளத்தின் அடிப்பாகத்தை, முக்கியமாகக் குழாயைச் சுற்றி, புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் கைக்குச் சில்லென்று தெரியும். இரண்டு கோடுகளையும் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தரையை உயர்த்தியிருந்தால் நீர்த்தடுப்பு இரண்டு முறை: முதலில் அசல் தளத்தின் மேல், பிறகு நிரப்பியதற்கு மேல். நிரப்புக்குள் எப்படியாவது இறங்கும் தண்ணீர் வெளியேற, அசல் தளத்தின் மட்டத்தில் 25 மி.மீ. குழாய் ஒன்றை வெளிச்சுவர் வழியாக நீட்டிவிடுங்கள். அதில் என்றாவது சொட்டினால் மேல்பூச்சில் கோளாறு என்று முன்கூட்டியே தெரியும். கீழ்க்கூரை நனைந்த பிறகு தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

டைல்ஸ் ஒட்டும்போது தரைக்கு மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. வாட்டம், ரசமட்டம் வைத்துப் பார்த்து. ஷவர் பகுதி இணைப்புகளுக்கு எபாக்ஸி கிரவுட். நீர்த்தடுப்பு முடிந்த தரையில் க்ளோசெட்டுக்கு டிரில் போட்டால் பூச்சில் ஓட்டை விழும். தரையில் நிற்கும் க்ளோசெட் என்றால் திருகின் துளையை சிலிக்கானால் நிரப்பிய பிறகே திருகை இறக்க வேண்டும். சுவரில் தொங்கும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த வகை 400 கிலோ வரை தாங்கும்படி சோதிக்கப்படுவது. ஏஏசி சுவரை மட்டும் நம்பி மாட்டாமல், தரையில் ஊன்றும் இரும்புச் சட்டத்தோடு பொருத்துங்கள்.

கேள்வி: அனுமதி வாங்காமல் உள்ளுக்குள்ளேயே கட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

வாங்குபவரின் வங்கிக்குத் தெரியும். கடன் கொடுக்கும் முன் அவர்களுடைய மதிப்பீட்டாளர் அங்கீகரித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். வரைபடத்தில் இல்லாத குளியலறை இருந்தால் கேள்வி வரும், விற்பனை நிற்கும், கடைசியில் நீங்கள் விலையைக் குறைப்பீர்கள். எதற்கு அனுமதி வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். வேலை தொடங்கும் முன் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். எல்லா ரசீதுகளையும் ஒரே கோப்பில் வையுங்கள். பல நாடுகளில் வீட்டை மேம்படுத்திய செலவை விற்பனை லாபத்திலிருந்து கழிக்க வரிச் சட்டம் இடம் தருகிறது, அதற்கு ரசீது வேண்டும்.

கேள்வி: கணக்குப் பார்த்தோம். கட்டுவது லாபமில்லை என்று தெரிகிறது. அப்படியே விட்டுவிடுவதா, சின்னதாக ஏதாவது செய்யலாமா?

கட்டாததை ஒரு வாய்ப்பாகக் காட்டலாம். பொறியாளரிடம் மாடிக் குளியலறை எங்கே வரும், குழாய் எந்த வழியே இறங்கும், தளம் தாங்குமா என்று ஒரு பக்க வரைபடமும் மதிப்பீடும் வாங்கி, வீடு பார்க்க வருபவரிடம் கொடுங்கள். "மாடியில் பாத்ரூம் இல்லை" என்று பேரம் பேசுபவர் மனதில் செலவை இரண்டு மடங்காக நினைத்துக்கொண்டு பேசுவார். எழுதிய தொகை எதிரில் இருந்தால் பேச்சு அந்தத் தொகையைச் சுற்றித்தான் நடக்கும். விருப்பமானவர் தன் ரசனைக்குக் கட்டிக்கொள்வார்.

செலவு செய்ய வேண்டிய இடம் கீழே இருக்கிற ஒரே குளியலறை. கறுத்த கிரவுட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்புங்கள். சொட்டும் குழாய்களுக்கு வாஷர் மாற்றுங்கள், ஃப்ளஷ் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஓடினால் உள்ளிருக்கும் ரப்பர் அடைப்பை மாற்றுங்கள். நானி டிராப்பைத் திறந்து சுத்தம் செய்து, உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நாற்றத்துக்குக் காரணம் பல நேரம் அங்கே தண்ணீர் வற்றியிருப்பதுதான்.

கூரையில் பழைய ஈரக் கறை இருந்தால் அதன்மேல் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். உப்பு பூத்த பூச்சு எந்தப் பெயிண்டையும் சில வாரத்தில் கொப்புளமாகத் தள்ளிவிடும். வீட்டைப் பார்க்கத் தெரிந்தவர் முதலில் அண்ணாந்து பார்ப்பதும் அந்த இடத்தைத்தான். கசிவின் ஊற்றை அடைத்து, பழைய பூச்சை உடைத்தெடுத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி பூசுங்கள். கறை எதனால் வந்தது, எப்போது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதை வாங்குபவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், வேலை செய்த ரசீதோடு.